முந்நூறு அறைகள், விரல்விட்டு எண்ணும் குளியலறைகள்: லண்டன் செயின்ட் பான்க்ரஸ் ஹோட்டல்

லண்டன் செயின்ட் பான்க்ரஸ் ரயில் நிலையத்துக்கு முகப்பாக, சிவப்புச் செங்கல் கோபுரங்களோடு நிற்கிறதே அந்த ஹோட்டல், அதில் தங்க ஆசைப்படுபவர்கள் முதலில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். மொத்தம் 245 அறைகள். 1873இல் திறந்த பழைய கட்டடத்துக்குள் இருப்பவை அவற்றில் 38தான். சேம்பர்ஸ் சூட் என்று பெயர். மற்ற 207 அறைகளும் பின்னால் சேர்த்துக் கட்டிய பார்லோ விங் என்ற புதிய பகுதியில் இருக்கின்றன.

இணையத்தில் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே படம்தான் வருகிறது: இரண்டாகப் பிரிந்து மேலே வளைந்து ஏறும் அந்தப் படிக்கட்டு. நாங்கள் பார்த்த ஒரு முன்பதிவுத் தளத்தில், இருப்பதிலேயே குறைந்த கட்டண அறைக்கு மேலேயும் அதே படம். கீழே இறங்கிப் படித்தால்தான் அறை வேறு கட்டடத்தில் என்று தெரியும், அதுவும் தெளிவாக எழுதியிருக்கவில்லை. என் மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். அவள் ஹோட்டலுக்கே போன் போட்டு, "எந்தக் கட்டடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்தாள். நாங்கள் கேட்ட தேதியில் முதல் இரவுக்குச் சூட் எதுவும் காலியாக இல்லை. அதனால் முதலில் பார்லோ விங்கில் தங்கிவிட்டு, அப்புறம் பழைய கட்டடத்துக்கு மாறினோம். இரண்டையும் ஒப்பிட்டு எழுத முடிவது இதனால்தான்.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். கட்டடங்களுக்குத் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் வரைபடம் போடுகிறவன் நான். எந்த ஹோட்டலுக்குப் போனாலும் பெட்டியை வைத்த கையோடு குளியலறைக்குள் போய்விடுவேன். "அப்பா, வந்ததும் ஃப்ளஷை அமுக்கிப் பாக்காதீங்க, அம்மா திட்டுவாங்க" என்று மகள் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். அமுக்கிப் பார்த்தேன். அம்மா திட்டினாள்.

ஆனால் இந்த ஹோட்டலின் கதையைக் குளியலறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இது என் தொழில் புத்தி மட்டும் இல்லை.

மிட்லண்ட் ரயில்வே என்ற கம்பெனி லண்டனுக்குத் தன் சொந்தப் பாதையைப் போட்டு 1868இல் இந்த நிலையத்தைத் திறந்தது. பக்கத்திலேயே போட்டிக் கம்பெனியின் கிங்ஸ் கிராஸ் நிலையம் இருந்தது. அதைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு ஹோட்டல் வேண்டும் என்று கட்டடக் கலைஞர்களிடையே போட்டி வைத்தார்கள். ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் கேட்டதைவிடப் பெரிதாக, கேட்டதைவிடச் செலவு பிடிக்கிற ஒன்றை வரைந்து கொடுத்தார், வேலையும் அவருக்கே கிடைத்தது. மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டலின் முதல் பகுதி 1873 மே 5 அன்று திறந்தது. முழுக்க முடிய 1876 ஆயிற்று. தங்கத் தகடு, ஓவியம், கொத்து வேலை, தண்ணீர் அழுத்தத்தில் ஏறி இறங்கும் லிஃப்ட், அறைக்கு அறை கணப்பு அடுப்பு என்று ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஸ்காட்டே பிற்பாடு தன் நினைவுக் குறிப்புகளில், இந்தக் கட்டடம் அதன் பயன்பாட்டுக்குத் தேவைப்படுவதைவிட நன்றாக அமைந்துவிட்டதோ என்று எழுதிவைத்தார். அவர் பேச்சில் பணிவும் இல்லை, பொய்யும் இல்லை.

இத்தனையும் வைத்துக் கட்டியவர்கள், சுமார் முந்நூறு அறைகளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய குளியலறைகளைத்தான் வைத்தார்கள். அந்தக் காலத்தில் அது குறையாகத் தெரியவில்லை. பணக்கார விருந்தாளி அறையிலேயே இருப்பார். வேலையாள் கணப்புக்குக் கரி சுமந்து வருவார், வெந்நீரைக் குடத்தில் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றுவார், அழுக்குத் தண்ணீரையும் இரவுப் பாத்திரத்தையும் எடுத்துப் போவார். குழாய் செய்ய வேண்டிய வேலையை ஆட்கள் செய்தார்கள்.

சிக்கல் பிறகு வந்தது. 1889இல் திறந்த சவாய் ஹோட்டல் மின்விளக்கோடும் தாராளமான குளியலறைகளோடும் வந்தது. 1906இல் வந்த ரிட்ஸில் விருந்தினர் அறைகளோடு சேர்ந்தே குளியலறை. விருந்தாளிகள் ஒருமுறை அதில் பழகிவிட்டால் குடத்து வெந்நீருக்குத் திரும்புவார்களா? மிட்லண்ட் கிராண்டும் மாறிக்கொண்டிருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் கட்டடம் ஒத்துழைக்கவில்லை. தீப்பிடிக்கக் கூடாது என்று தளங்களையும் சுவர்களையும் அப்படித் தடிமனாகப் போட்டிருந்தார்கள். கழிவுக் குழாய்க்கு வழி விட அதில் இடமே இல்லை.

குழாய் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. கழிப்பறையிலிருந்து போகும் நான்கு அங்குலக் குழாய் படுக்கையாகப் போக முடியாது, சரிவு வேண்டும். அறுபதுக்கு ஒன்று என்று வைத்தால்கூட, ஆறு மீட்டர் போவதற்குள் குழாய் பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். இன்றைக்கு நாம் குளியலறைப் பகுதியில் ஸ்லாபைத் தாழ்த்தி, சங்கன் ஸ்லாப் போட்டு அந்த இறக்கத்தை ஒளித்துவிடுகிறோம். அல்லது கீழ்த்தளத்து ஃபால்ஸ் சீலிங்குக்குள் குழாயை ஓட்டுகிறோம். 1873இல் போட்ட தளத்தைத் தாழ்த்த முடியாது. கீழ் அறையின் கூரையில் சித்திர வேலை. அதன் அடியில் குழாயைத் தொங்கவிட முடியுமா? துளை போட வேண்டும் என்றால் அந்தத் தடிமனை உடைக்க வேண்டும், அதுவும் முந்நூறு இடத்தில்.

1935இல் ஹோட்டலை மூடிவிட்டார்கள். செயின்ட் பான்க்ரஸ் சேம்பர்ஸ் என்று பெயர் மாற்றி ரயில்வே அலுவலகமாக்கினார்கள். 1960களில் இதையும் கிங்ஸ் கிராஸையும் ஒன்றாக்கித் தரைமட்டமாக்கும் யோசனை வந்தது. ஹோட்டலின் முன்னால் ஓடும் இதே சாலையில், சற்றே மேற்கிலிருந்த யூஸ்டன் ரயில் நிலையத்தின் நுழைவாயிலான யூஸ்டன் வளைவை அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் இடித்துத் தள்ளியிருந்தார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமனும், பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் விக்டோரியன் சொசைட்டியும் போராடியதில், 1967 நவம்பரில் இதற்கு முதல் தரப் பாதுகாப்பு கிடைத்தது. இன்றும் நிலையத்தின் மேல்தளத்தில், தொப்பியைப் பிடித்தபடி கூரையை அண்ணாந்து பார்க்கிற பெட்ஜமனின் வெண்கலச் சிலை இருக்கிறது.

பெட்ஜமனுக்குப் புகழ் சேரட்டும். ஆனால் இந்தக் கட்டடத்தை முதலில் காப்பாற்றியது அதன் பிடிவாதம்தான் என்பது என் கட்சி. 1910இலோ 1920இலோ குழாய் போடுவது கொஞ்சம் சுலபமாக இருந்திருந்தால், ஒவ்வொரு அறையையும் இரண்டாக வெட்டி, கூரை வேலைப்பாட்டை உடைத்து, மூலைக்கு மூலை குளியலறை கட்டியிருப்பார்கள். ஹோட்டல் பிழைத்திருக்கும். இன்று நாம் போய்ப் பார்க்கிற கட்டடம் மிஞ்சியிருக்காது. குழாய்க்கு வழி விடாததால் ஹோட்டல் செத்தது, கட்டடம் தப்பியது.

இப்போது அந்த 38, 207 கணக்குக்கு வருவோம். 2011இல் இதை மறுபடியும் ஹோட்டலாகத் திறந்தபோது, புதுப்பித்தவர்கள் அந்தப் பழைய தளங்களோடு மல்லுக்கட்டவில்லை. பழைய கட்டடத்தில் குறைவான எண்ணிக்கையில் பெரிய சூட்டுகள். அதன் மேல்மாடிகளைத் தனி வீடுகளாக்கி விற்றுவிட்டார்கள். சாதாரண அறைகளை எல்லாம் புதிதாகக் கட்டிய விங்குக்குக் கொண்டுபோனார்கள். புதுப்பிக்க ஆன செலவு சுமார் 15 கோடி பவுண்டு. முறையான திறப்பு விழாவை 2011 மே 5 அன்று வைத்தார்கள், முதல் திறப்புக்குச் சரியாக 138 ஆண்டுகள் கழித்து.

பார்லோ விங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, அது குறையும் இல்லை. குளியலறைகள் மாடிக்கு மாடி ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் குழாய்க்கான ஷாஃப்ட். நான் வரைந்தாலும் அப்படித்தான் வரைவேன். வெந்நீர் திறந்த உடனே வந்தது. பிரஷர் ஒரே சீராக இருந்தது, காலை ஏழரை மணிக்கு எல்லோரும் குளிக்கிற நேரத்திலும்கூட. அமைதியான அறை, நல்ல படுக்கை. ஜன்னலுக்கு வெளியே மிட்லண்ட் சாலை, அதற்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் நூலகத்தின் சிவப்புச் செங்கல் சுவர். அந்த நூலகத்தைக் கட்டிய காலின் செயின்ட் ஜான் வில்சன், இந்த ஹோட்டலோடு பொருந்த வேண்டும் என்றே செங்கல்லைத் தேர்ந்தெடுத்தார். விடிகாலை வெளிச்சத்தில் பார்த்தால் அவருடைய நோக்கம் புரிகிறது. மற்றபடி, கண்ணை மூடிக்கொண்டு வந்து கண் விழித்தால் இது எந்த ஊர் என்று சொல்ல முடியாத வகை அறை. வேலை விஷயமாக வருகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

என் மனைவி மட்டும் அன்றைக்கு மாலையே கேட்டுவிட்டாள்: "ஏங்க, அந்தப் படிக்கட்டு எங்கே?"

படிக்கட்டு பழைய கட்டடத்தில். அங்கே போகும் வழியே ஒரு அனுபவம். லாபி என்று இப்போது இருப்பது அந்தக் காலத்தில் குதிரை வண்டிகள் வந்து நின்ற பாதை. மேலே கண்ணாடிக் கூரை போட்டு உள்ளிடமாக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கட்டடத்தின் வெளிச்சுவர், அதாவது வெயிலும் புகையும் பார்த்த செங்கல், இப்போது சோபாக்களுக்குப் பின்னால் நிற்கிறது. பழைய கட்டடத்தில் ரிசப்ஷன் வைக்க வேண்டும் என்றால் பெரும்பாலானவர்கள் இருப்பதிலேயே அழகான மண்டபத்தைக் காலி செய்துவிட்டு அங்கே ஒரு கவுண்டரைப் போடுவார்கள். இவர்கள் ஓர் அறையைக்கூடத் தொடவில்லை, தெருவை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். இந்த ஹோட்டலில் புதிதாகச் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அங்கிருந்து உள்ளே போனால் படிக்கட்டு. முதல் பகுதி நடுவில் நேராக ஏறுகிறது, ஒரு தளத்தில் நின்று இரண்டாகப் பிரிந்து சுவரோரமாக வளைகிறது, மறுபடி மேலே சேர்கிறது. சுவர் முழுக்க ஆழ்ந்த சிவப்பு, அதில் பொன்னிறப் பூ முத்திரைகள். அண்ணாந்து பார்த்தால் வளைவுக் கூரை, அதில் நீல வானமும் நட்சத்திரங்களும். "இது ஹோட்டலா, மாதா கோயிலா?" என்றாள் மனைவி. தப்பான கேள்வி இல்லை. ஸ்காட் வாழ்நாளில் பாதியைத் தேவாலயங்கள் கட்டுவதிலும் பழுது பார்ப்பதிலும் கழித்தவர். ஆனால் படியின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் அவருக்குள் இருந்த இன்னொருவர் தெரிகிறார். பாரத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களை அவர் மூடி மறைக்கவில்லை. துளையிட்டு, வண்ணம் பூசி, அலங்காரமாகவே வெளியே காட்டியிருக்கிறார். மேல் பக்கம் கம்பளம் போட்ட பதின்மூன்றாம் நூற்றாண்டு, கீழ்ப் பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரயில்வே இரும்பு. படம் எடுக்கிறவர்கள் மேலேயே பார்க்கிறார்கள். நீங்கள் போனால் ஒருமுறை அடியில் நின்று பாருங்கள்.

இதே ஸ்காட்தான் மும்பைப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மண்டபத்தையும் ராஜாபாய் மணிக்கூண்டையும் வரைந்தவர், இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல். மும்பையின் பழைய விக்டோரியா டெர்மினஸைப் பார்த்தவர்களுக்கு இந்த முகப்பில் ஒரு சாயல் தட்டும். அதை வடிவமைத்த ஃபிரெடரிக் ஸ்டீவன்ஸுக்கு முன்மாதிரிகளில் ஒன்று இந்தக் கட்டடம்.

அடுத்து சூட். கதவைத் திறந்ததும் முதலில் தாக்குவது உயரம். நாங்கள் இருவரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்றாலும் கூரை எட்டாது. ஜன்னல்களும் அதே கணக்கில்தான், திரையை இழுக்கவே இரண்டு கையும் வேண்டும். எங்கள் அறை சாலைப் பக்கம் இல்லை, ரயில் கூடத்தைப் பார்த்த பக்கம். திரையை விலக்கினால் நேர் எதிரே, ரயில் கூடத்தைக் கட்டிய பார்லோவின் இரும்புக் கூரை, கீழே பாரிஸ் போகும் யூரோஸ்டார் ரயில்.

குளியலறைக்கு வருகிறேன், வராமல் இருப்பேனா. இப்படிப் பாதுகாப்பில் உள்ள கட்டடங்களில் என் தொழில்காரர்கள் பிடிக்கிற வழிகள் இரண்டு மூன்றுதான். குளியலறைத் தரையை ஒரு படி உயர்த்தி, குழாயின் சரிவை அந்த உயரத்துக்குள் முடித்துவிடுவது ஒன்று. பழைய கணப்பு அடுப்புகளின் புகைபோக்கி வழியைக் குழாய்க்கான ஷாஃப்டாக மாற்றிக்கொள்வது இன்னொன்று. இரண்டு மூன்று பழைய அறைகளை ஒரே சூட்டாக்கி, ஓர் அறையையே குளியலறைக்குக் கொடுத்துவிடுவது மூன்றாவது, அதிகச் செலவு பிடிப்பதும் அதுதான். எங்கள் சூட்டில் எது என்று தெரிந்துகொள்ள நான் முட்டி போட்டுத் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்தாள். "எழுந்திருங்க, யாராவது வந்து பாத்தா மோதிரம் தொலைஞ்சுபோச்சுன்னு நெனப்பாங்க." தட்டிய இடத்தில் கொஞ்சம் பொள்ளென்று கேட்டது. என் ஊகம் முதல் வழி.

ஷவர் நன்றாக வேலை செய்தது. இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. அரண்மனையாக இருந்து ஹோட்டலான வேறொரு இடத்தில், பெயர் வேண்டாம், பளிங்குக் குளியலறையில் நின்றுகொண்டு நூல் மாதிரி விழுந்த தண்ணீரில் நாங்கள் தலைக்குக் குளித்திருக்கிறோம். அங்கே பளிங்குக்குச் செலவு செய்தவர்கள் பம்புக்குச் செய்யவில்லை. பழைய கட்டட ஹோட்டல்களில் ஏமாற்றம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் காத்திருக்கும். அதனால் மதிப்புரைகளைப் படிக்கும்போது படங்களை விடுங்கள், தண்ணீர், சூடு, சத்தம் என்ற மூன்று சொற்களைத் தேடிப் படியுங்கள்.

சத்தத்தைப் பற்றிக் கேட்பீர்கள். ரயில் நிலையத்தின் தலைமாட்டில் படுத்துத் தூங்க முடியுமா? முடிந்தது. நீராவி எஞ்சின் காலம் போய்விட்டது, யூரோஸ்டார் சத்தமே இல்லாமல் வந்து நிற்கிறது. பழைய சுவரின் தடிமனும் சேர்ந்துகொள்கிறது. குழாய்க்காரனுக்கு எதிரியான அந்தச் சுவர், தூங்குகிறவனுக்கு நண்பன். முகப்புப் பக்கத்து அறைகளுக்குக் கீழே ஓடுவது யூஸ்டன் சாலை, லண்டனிலேயே நெரிசலான சாலைகளில் ஒன்று. லேசான தூக்கம் உள்ளவர்கள் பதிவு செய்யும்போதே எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

பார் பழைய டிக்கெட் கூடத்தில் இருக்கிறது. புக்கிங் ஆஃபீஸ் என்ற பெயரையே வைத்திருக்கிறார்கள். 2021இல் ஊகோ தோரோ என்ற வடிவமைப்பாளர் இதைப் புதிதாக்கி, உயரமான பனை மரங்களும் இலை வடிவ விளக்குகளுமாக ஒரு கண்ணாடித் தோட்டம் போல மாற்றினார். எனக்கு அது கொஞ்சம் தூக்கலாகப்பட்டது. இத்தனை உயரமும் இத்தனை செங்கல்லும் இருக்கிற கூடத்துக்கு மேல்பூச்சு எதற்கு? மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "சும்மா இருந்தா இது வெயிட்டிங் ரூம் மாதிரி இருந்திருக்கும்பா" என்றாள். இருக்கலாம். ஆனால் மரங்களை விட்டுவிட்டுச் சுவரில் வளைவுகளைத் தாங்கும் கல் தாங்கிகளைப் பாருங்கள். ரயில் ஓட்டுநர், கார்டு, சிக்னல்காரர், பொறியாளர் என்று ரயில்வே ஆட்களின் உருவங்கள். தேவாலயத்தில் புனிதர்களை வைக்கிற இடத்தில் தொழிலாளிகள். குழாய்க்காரர் யாரும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

சாப்பாட்டைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உணவகங்கள் கை மாறிக்கொண்டே இருக்கும், நான் எழுதியது நீங்கள் போகும்போது செல்லாது.

ரயில் கூடத்தைத் தவறவிடாதீர்கள், அதற்கு ஹோட்டலில் தங்க வேண்டிய அவசியமும் இல்லை. வில்லியம் பார்லோ என்ற பொறியாளர் 73 மீட்டர் அகலத்தை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் ஒரே வளைவாகத் தாண்டினார். கட்டிய காலத்தில் உலகத்திலேயே மிக அகலமான ஒற்றை வளைவுக் கூரை இதுதான். இந்த வளைவு இரண்டு பக்கமும் சாய்ந்து விரியாமல் பிடித்துக்கொண்டிருப்பது எது தெரியுமா? தண்டவாளத் தளமே. ரீஜென்ட் கால்வாயைத் தாண்டி வர வேண்டியிருந்ததால் தண்டவாளம் தெரு மட்டத்துக்கு மேலே வந்தது. அந்தத் தளத்தின் இரும்பு உத்திரங்களையே வளைவின் இரு கால்களையும் கட்டும் நாணாகப் பயன்படுத்திக்கொண்டார். அதற்குக் கீழே கிடைத்த இடத்தை பர்ட்டன் ஊரிலிருந்து வரும் பீர் பீப்பாய்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். தூண்களின் இடைவெளியைப் பீப்பாயை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். இன்று யூரோஸ்டார் பயணிகள் பெட்டியோடு காத்திருப்பது அந்தப் பீப்பாய்க் கிடங்கில்.

ஹோட்டலின் அடித்தளத்தில் நீச்சல் குளமும் ஸ்பாவும் இருக்கின்றன. அறைக்கு ஒரு குடம் வெந்நீர் தூக்கிப் போன கட்டடத்தின் அடியில் இன்று ஒரு குளம் நிறைய வெதுவெதுப்பான தண்ணீர். நான் குளித்ததைவிட ஓரத்தில் உட்கார்ந்து ஓட்டுக்கல்லையும் ஓவர்ஃப்ளோ வாய்க்காலையும் பார்த்ததுதான் அதிகம். காற்றில் குளோரின் நெடி மிகக் குறைவு. பூமிக்கடியில் குளம் வைத்து இதைச் சாதிப்பது சுலபமில்லை. யார் வடிவமைத்தாரோ, கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

ஊழியர்களில் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். பெட்டிகளைப் பழைய கட்டடத்துக்கு மாற்ற வந்த பெரியவர். நான் குளியலறைகளைப் பற்றிக் கேட்டதும் நின்றுவிட்டார். படிக்கட்டில் எடுத்த ஒரு பாட்டுக் காட்சியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்களாம், கழிவுக் குழாய் பற்றி யாரும் கேட்டதில்லையாம். பெட்டியோடு நின்றபடியே பாடம் நடத்தினார்: மேல்மாடிக்குப் போகப் போக அந்தக் காலத்தில் அறை வாடகை குறையும், அறையும் எளிமையாகும், ஏனென்றால் ஏற வேண்டிய படிகள் அதிகம். இன்றைக்கு மேலே போகப் போக விலை ஏறுகிறது. லிஃப்ட் தலைகீழாக்கிய கணக்கு அது.

இப்போது காசு. ஹோட்டல் கட்டணம் நாளுக்கு நாள் மாறும், அதனால் தொகை எழுதவில்லை. பழைய கட்டடத்துச் சூட்டுக்கு பார்லோ விங்கைவிடக் கணிசமாக அதிகம் கேட்பார்கள், சூட்டில் தங்குகிறவர்களுக்கென்று தனியாக சேம்பர்ஸ் கிளப் என்ற ஓய்வறையும் உண்டு. என் தீர்ப்பு இதுதான். காலையில் யூரோஸ்டார் பிடிக்க வேண்டும், நல்ல தூக்கம் வேண்டும், அவ்வளவுதான் என்றால் பார்லோ விங் தாராளமாகப் போதும். படிக்கட்டுக்கும் லாபிக்கும் பாருக்கும் நடந்து போய்விடலாம். ஆனால் அந்தக் கட்டடத்துக்காகவே போகிறீர்கள் என்றால் பாதி வழியில் நிற்காதீர்கள். சூட் எடுங்கள், முடியாவிட்டால் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து வேறு எங்காவது தங்கிவிட்டு, பாரில் ஒரு டீ குடித்துக் கூடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பழைய கட்டடத்தின் பெயருக்குப் பணம் கட்டிவிட்டுப் புதிய கட்டடத்தில் கண் விழித்து ஏமாந்துபோகிற நடுத்தர வழிதான் எனக்குச் சரியாகப்படவில்லை.

பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள்: சேம்பர்ஸா பார்லோவா, சாலைப் பக்கமா ரயில் கூடத்துப் பக்கமா, எத்தனையாவது மாடி? அடுத்த முறை போவதாக இருந்தால் என் மனைவி சாலைப் பக்கத்துச் சூட் வேண்டும் என்கிறாள், கோபுரத்தை ஜன்னலிலிருந்தே பார்க்கலாமாம். நான் ரயில் பக்கமே கேட்பேன். மகள் பணம் கட்டினால் அவள் இஷ்டம்.